மார்கழியில் முடிந்தது தையில் ஏன் முடியவில்லை?

மார்கழி மாதம் விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்குச் சிதம்பரத்தில் ரத வீதிகளை ஒட்டிய தெருக்களில் நடந்து பாருங்கள். பனிக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வாளித் தண்ணீரும் கோலமாவு டப்பாவுமாக வாசலுக்கு வாசல் பெண்கள் நிற்பார்கள். கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களிலும் இதே காட்சிதான். மற்ற மாதங்களில், "ஆறு மணிக்கு முன்னால கண்ணையே திறக்க முடியலைம்மா" என்று சொல்கிறவர்கள்தான் இவர்கள். யாரும் அதட்டி எழுப்பவில்லை. தாங்களாகவே எழுந்து வந்து நிற்கிறார்கள்.

இந்த மார்கழியின் நடுவில்தான் ஆங்கிலப் புத்தாண்டும் வருகிறது. அன்று நம்மில் பலர் இன்னொரு சங்கல்பமும் செய்துகொள்கிறோம். "இந்த வருஷம் எப்படியும் எட்டு கிலோ குறைச்சுடணும். தினம் வாக்கிங் போயே தீரணும்." கோலச் சங்கல்பம் மாதம் முழுக்க நடக்கிறது. வாக்கிங் சங்கல்பம் பொங்கலுக்குள் படுத்துவிடுகிறது. ஒரே பெண், ஒரே மாதம், ஒரே உடம்பு. ஒன்று நிற்கிறது, மற்றது விழுகிறது. காரணம் என்ன?

"எனக்கு மனசுல உறுதி போதாதுங்க" என்பதுதான் நாம் சொல்லும் பதில். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உறுதி இல்லாதவளா அந்தப் பனியில் குனிந்து நிமிர்ந்து பதினைந்து புள்ளிக் கோலம் போடுகிறாள்? குறை நம் மனசில் இல்லை. சங்கல்பத்தைச் செய்துகொள்ளும் விதத்தில் இருக்கிறது.

புராண வைராக்கியம், பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்று பெரியவர்கள் மூன்று சொல்வார்கள். கதை கேட்டு முடியும்வரை ஒன்று, வலி அடங்கும்வரை ஒன்று, சுடுகாட்டிலிருந்து வீடு திரும்பும்வரை ஒன்று. புத்தாண்டு வைராக்கியத்தை நாலாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாமே அந்த நேரத்துச் சூட்டில் எடுப்பவை. சூடு ஆறினால் போச்சு.

மார்கழிக் கோலம் அப்படியில்லை. என்ன செய்ய வேண்டும், எத்தனை மணிக்குள், எந்த இடத்தில் என்பதெல்லாம் முன்கூட்டியே தீர்மானமாகிவிட்டது. வாசல் தெளித்துக் கோலம் போட வேண்டும், விடிவதற்குள், நம் வீட்டு வாசலில். "இந்த மார்கழியில் நான் சுறுசுறுப்பான பெண்ணாக மாறுவேன்" என்று யாரும் சபதம் எடுப்பதில்லை! அதோடு தெருவே விழித்திருக்கிறது. நம் வாசல் மட்டும் வெறிச்சென்று கிடந்தால் எதிர்வீட்டு அக்கா விட மாட்டார்: "என்னடி, உடம்பு சரியில்லையா?"

பாவை நோன்பின் சூட்சுமமும் இதுதான். தில்லையோடு பிரிக்க முடியாத மாணிக்கவாசகரின் திருவெம்பாவையில் பெண்கள் வீடு வீடாகப் போய்த் தூங்குகிற தோழியை எழுப்புகிறார்கள். அவர்களில் ஒருத்தி, நாளைக்கு நானே வந்து உங்களை எழுப்புகிறேன் என்று முதல் நாள் வாக்குக் கொடுத்தவள். மறுநாள் அவளைக் காணோம்! தோழிகள் அவள் வாசலில் நின்று கேலி செய்கிறார்கள், ஆனால் விட்டுவிட்டுப் போய்விடவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலும் சங்கல்பம் இப்படித்தான் தவறியிருக்கிறது, தோழிகள்தான் அதைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள்.

இதையே விஞ்ஞான முறையில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் கல்லூரி மாணவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2002ல் வெளியானது. வாரத்தில் ஒரு தடவையாவது 20 நிமிஷம் உடற்பயிற்சி செய்கிறார்களா என்பதே கேள்வி. ஒரு பிரிவினரைச் சும்மா விட்டார்கள். இன்னொரு பிரிவினருக்கு மாரடைப்பு, அதன் ஆபத்து, பயிற்சியின் நன்மை எல்லாவற்றையும் விளக்கினார்கள். மூன்றாவது பிரிவினரிடம் அந்த விளக்கத்தோடு, எந்த நாள், எந்த நேரம், எந்த இடத்தில் செய்வீர்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். முதல் பிரிவில் நூற்றுக்கு 38 பேர் செய்தார்கள். பயமுறுத்தி விளக்கிய பிரிவில் 35. எழுதிக் கொடுத்தவர்களில் 91! டாக்டர் பயமுறுத்தினால் நடந்துவிடுவோம் என்று நினைக்கிறோமே, பயம் மட்டும் ஒருவரையும் செருப்பை மாட்ட வைப்பதில்லை.

ஆக, "எட்டு கிலோ குறைப்பேன்" என்பது சங்கல்பமே இல்லை, ஆசை. "பிள்ளைகளை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்ட கையோடு, கேட்டைச் சாத்திவிட்டு, கெடிலம் பாலம் வரை போய்த் திரும்புவேன்" என்பதுதான் சங்கல்பம். எட்டு கிலோ நம் கையில் இல்லை. நடை நம் கையில் இருக்கிறது.

எடை மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். ஒரு மாதம் ஒழுங்காக நடந்துவிட்டு மெஷினில் ஏறுவோம். முள் அசையாமல் நிற்கும். "இவ்வளவு நடந்தும் ஒண்ணும் பிரயோஜனமில்லை" என்று அன்றோடு விட்டுவிடுவோம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006ல் வெளியிட்ட ஆய்வை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் வரும் தறுவாயில் இருந்த 531 பேரைச் சுமார் இரண்டரை வருஷம் கவனித்தார்கள். சாதாரண அறிவுரையோடு விட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. தினம் அரை மணி விறுவிறுப்பான நடை, சாப்பாட்டில் கட்டுப்பாடு என்று தொடர்ந்து ஊக்கப்படுத்தப்பட்டவர்களில் அது 39 ஆகக் குறைந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அவர்களுடைய எடை சொல்லும்படியாகக் குறையவே இல்லை என்பதுதான். முள் நகராவிட்டாலும் உடம்புக்குள் காரியம் நடக்கிறது. என்னைக் கேட்டால் முதல் மூன்று மாதம் மெஷின் பக்கமே போகாதீர்கள். ஆசையாக இருந்தால் தையல் டேப்பை எடுத்து இடுப்புச் சுற்றளவைப் பாருங்கள். நம் பெண்களுக்கு அது 80 சென்டிமீட்டருக்கு மேல் போனால் எச்சரிக்கை.

எச்சரிக்கை வீண் மிரட்டல் அல்ல. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் தேவைக்கு மேல் எடை உள்ளவர்கள். பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது 2023ல் வெளியான அகில இந்திய ஆய்வு. நம் அம்மாவுக்கும் மாமியாருக்கும் ஐம்பதுக்கு மேல் வந்தது, நமக்கு முப்பத்தைந்திலேயே வாசலில் நிற்கிறது.

"நாள் பூரா வீட்டு வேலை செய்யறேனே, அது எக்சர்சைஸ் இல்லையா?" நியாயமான கேள்வி. அம்மியும் ஆட்டுக்கல்லும் உரலும் கிணற்று ராட்டினமும் இருந்த காலத்தில், ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இன்றைக்கு மிக்ஸி, கிரைண்டர், மோட்டார். நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிறோம். கால் வலிக்கிறது, ஆனால் மூச்சு வாங்குவதில்லை. களைப்பு வேறு, பயிற்சி வேறு. சோதிப்பது சுலபம். செய்துகொண்டே பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. அப்படி மூச்சு வாங்கும்படி தரையைத் தேய்த்துத் துடைத்தாலும், மாடிப்படி ஏறி இறங்கித் துணி காயப்போட்டாலும் தாராளமாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 நிமிஷம். தினம் அரை மணி வீதம் ஐந்து நாள். பத்துப் பத்து நிமிஷமாகப் பிரித்தாலும் சரியே.

போனில் 'பத்தாயிரம் ஸ்டெப்ஸ்' காட்டவில்லையே என்று மனம் சோர்பவர்களுக்கு ஒரு செய்தி. அந்தப் பத்தாயிரம் எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்த மருந்தல்ல. 1965ல் ஜப்பானில் ஒரு கம்பெனி, அடியெண்ணும் கருவியை விற்பதற்காக வைத்த பெயர் அது! வயதான அமெரிக்கப் பெண்கள் பதினாறாயிரம் பேருக்கு மேல் சேர்ந்த ஓர் ஆய்வு 2019ல் வந்தது. தினம் 4,400 அடி நடந்தவர்களுக்கே, 2,700 அடி நடந்தவர்களைவிட மரண விகிதம் நன்றாகக் குறைந்திருந்தது. 7,500க்கு மேல் நடந்தும் கூடுதல் லாபம் தெரியவில்லை. சிதம்பரத்தில் நான்கு ரத வீதிகளையும் நிதானமாக ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய அரை மணி பிடிக்கும். தேர் சுற்றும் வழிதான், நமக்கும் போதும்.

நேரத்துக்கு எங்கே போவது? உண்மையான இடைஞ்சல் இதுதான். ஓர் ஆண்பிள்ளை காலையில் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினால் வீடு அவருக்கு வழி விடுகிறது. நாம் கிளம்பினால், "காபி?" என்று ஒரு குரல், "என் சாக்ஸ் எங்கேம்மா?" என்று இன்னொரு குரல். நம் நேரம் ஒன்றும் தனியாக நம் பெயரில் பட்டா போட்டு வைக்கப்படவில்லை. ஆகவே 'நேரம் கிடைக்கும்போது' என்று விட்டால் கிடைக்கவே கிடைக்காது. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிற வேலையின் வாலில் முடிந்துவிட வேண்டும்.

இதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823ல் பிறந்து, வடலூரில் 1867ல் தருமச்சாலை தொடங்கிய வள்ளலார், 'நித்திய கரும விதி' என்று உரைநடையில் எழுதிவைத்திருக்கிறார். சூரியன் உதிப்பதற்கு முன் எழுவதில் தொடங்கி இரவு படுப்பதுவரை அன்றாட ஒழுங்கு. சற்று உலாவ வேண்டும் என்பதும், பகலில் தூங்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. படித்தால் ஒன்று கண்ணில் படும். ஒரு காரியம் முடிந்ததும் அடுத்தது, அதன் பின்பு இன்னொன்று என்று சங்கிலி மாதிரிக் கோத்திருப்பார். மணியைப் பார்த்து யோசிக்க வேண்டியதே இல்லை. முன் காரியமே அடுத்ததைக் கூப்பிடுகிறது.

நம் வீட்டிலும் அப்படிக் கொக்கிகள் எத்தனையோ. பால் பொங்கி இறக்கியது, வேன் போனது, மத்தியானம் பாத்திரம் கவிழ்த்தது, மாலையில் பிள்ளையை டியூஷனில் விட்டது. டியூஷன் வாசலில் ஒரு மணி நேரம் ஸ்கூட்டியில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருக்கிறோமே, அந்த நேரம் முழுக்க முழுக்க நம்முடையது. அந்தத் தெருவையே நாலு சுற்றுச் சுற்றலாம். வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்கிற தொனியில் பேசாதீர்கள். "நாளையிலிருந்து ஆறேகாலுக்கு நான் வெளியே போறேன். டிகாக்ஷன் இறக்கி வெச்சிருப்பேன், பாலை மட்டும் நீங்க சுட வெச்சுக்கோங்க." ஒரு வாரம் முணுமுணுப்பு இருக்கும். பிறகு அவருக்கே காபி கலக்க வந்துவிடும்.

செருப்பு விஷயத்தில் வெட்கம் வேண்டாம். "புடவைக்கு ஷூவா!" என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். குதிகால் வலி வந்தால் அவர்களா வந்து ஒத்தடம் கொடுப்பார்கள்? குறைந்தபட்சம் பின்னால் வார் உள்ள செருப்பாவது இருக்கட்டும். இருட்டில் தனியாகப் போக வேண்டாம். தெருநாய்த் தொல்லை எல்லா ஊரிலும்தான். இரண்டு பேர் சேர்ந்தால் அந்தப் பயமும் பாதி. இழுப்பு உள்ளவர்களுக்குப் பனி ஆகாது, வெயில் வந்தபின் கிளம்பட்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் முந்தானையில் இரண்டு மிட்டாய் முடிந்துகொண்டு போகட்டும். நடக்கும்போது நெஞ்சை அடைத்தாலோ தலை சுற்றினாலோ அன்றைய நடை அதோடு போதும், அடுத்த வேலை டாக்டரைப் பார்ப்பது.

கடலூர் வாசிகளுக்கு தேவனாம்பட்டினத்து சில்வர் பீச் இருக்கிறது. உலர்ந்த பொதபொத மணலில் நடந்தால் கணுக்கால் பிசகும். அலை நனைத்துக் கெட்டியான மணலிலோ சாலையிலோ நடப்பது நல்லது. ஆனால் கடற்கரையை மட்டும் நம்பிச் சங்கல்பம் செய்யாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்து மழை சும்மா விடாது. 2011ல் டிசம்பர் 30ந்தேதி 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தபோது, அந்தப் புத்தாண்டுக்கு யாருக்குச் சங்கல்பம் செய்யத் தோன்றியிருக்கும்? அக்கினி நட்சத்திரத்தில் காலை எட்டு மணிக்கே கொளுத்தும். ஆகவே முதல் நாளே இரண்டாவது வழியையும் தீர்மானித்துவிடுங்கள். வெயில் காலத்தில் மாலை கடல்காற்று வீசியபின். மழையில் கூடத்தில், அல்லது சன்ஷேடு உள்ள மொட்டை மாடியில். எட்டுப் போட்டு நடந்தால் சகல நோயும் ஓடிப்போகும் என்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. சின்ன இடத்தில் தலை சுற்றாமல் நடக்க எட்டு ஒரு நல்ல உபாயம், அவ்வளவுதான்.

இளம் தாய்மார்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். "வயிறு உள்ள போகலையே" என்ற கவலையில் பட்டினி கிடக்காதீர்கள். பால் கொடுக்கிறவளுக்கு வழக்கத்தைவிட அதிகச் சாப்பாடு வேண்டும். மிதமான நடையால் பால் குறையாது. சுகப்பிரசவம் என்றால், உடம்பு இடம் கொடுத்தால், சில நாட்களிலேயே வீட்டுக்குள் மெல்ல நடக்கத் தொடங்கலாம். சிசேரியன் ஆனவர்களும் டாக்டர் சொன்னபடி மெல்ல நடக்கலாம். குடம் தூக்குவதும் வயிற்றை இறுக்கும் பயிற்சியும் ஆறு வாரம் கழித்து, டாக்டர் பார்த்தபின்தான். இருமினால், தும்மினால் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கசிகிறது என்பதைப் பலர் வெளியில் சொல்வதே இல்லை. அடிவயிற்றின் கீழ்த் தசையை, சிறுநீரை அடக்குவதுபோல் இறுக்கி ஐந்து எண்ணி விடுங்கள். இப்படிப் பத்துத் தடவை, குழந்தைக்குப் பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம். கொக்கி தானாகவே அமைந்துவிட்டது பாருங்கள்! (சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்து பழக வேண்டாம்.)

கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்து, பிரசவத்தோடு போய்விட்டது என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அவர்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆறு வாரத்தில் ஒரு முறை குளுகோஸ் தண்ணீர் குடித்துச் செய்யும் பரிசோதனை, பிறகு வருஷத்துக்கு ஒரு முறை. குழந்தையின் தடுப்பூசி அட்டையில் தேதி தவறாமல் பார்க்கிறோம். அந்த அட்டையின் ஓரத்திலேயே நம் தேதியையும் எழுதிவிடலாம்.

எத்தனை நாளில் பழகும்? 21 நாள் என்பார்கள், ஒரு மண்டலம் என்பார்கள். லண்டனில் 96 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு 2009ல் வெளிவந்தது. சராசரியாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள்கூட ஆகும் என்று கணக்கிட்டார்கள். தண்ணீர் குடிப்பது போன்ற சுலபமான பழக்கத்தைவிட உடற்பயிற்சிக்கு அதிக நாள் ஆயிற்று. நடுவில் ஒரு நாள் தவறியதால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்பதையும் அதே ஆய்வில் கண்டார்கள். பால் கணக்குக் காலண்டர் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. ஒரு நாள் பால்காரர் வரவில்லையென்றால் அந்தக் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி போடுகிறோம். அதோடு பால் வாங்குவதையே நிறுத்திவிடுவதில்லையே? அதே காலண்டரில் நடைக்கும் ஒரு புள்ளி வைத்து வாருங்கள். வீட்டு விலக்கு நாட்கள், காய்ச்சல், கல்யாணம், சாவு என்று பெருக்கல் குறிகள் விழத்தான் செய்யும்.

66 நாள் கணக்கைப் பார்த்தால் மார்கழி மட்டும் போதாது, தை மாதமும் சேர வேண்டும். மார்கழி முதல் தேதி ஆரம்பித்தால் மாசி முதல் வாரத்தில் நிறைகிறது. மகா சிவராத்திரியை ஒட்டிச் சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி நடக்கும் காலமும், மாசி மகத்துக்குச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து சுவாமிகள் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும் நாளும் அதை ஒட்டியே வரும். "மாசி மகம் வரைக்கும்" என்று கெடு வைத்துக்கொண்டால் மனசுக்கும் பிடிமானமாக இருக்கும்.

தடுக்கி விழுகிற இடம் தை இரண்டாந்தேதி. கரும்பும் பொங்கலும் தின்ற களைப்பு, தெருவில் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள், கோலமும் சின்னதாகிவிடும். அதனால் போகியன்றே, பழைய பாயைக் கொண்டுவந்து வாசலில் போடும்போது, எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டுவிடுங்கள்: "நாலரைக்கெல்லாம் வேண்டாங்க்கா. அஞ்சே முக்காலுக்கு வாசல் தெளிச்ச கையோட, வடக்கு வீதி வரைக்கும் போயிட்டு வந்துடலாமா? நான் வரலைன்னா நீங்க கதவைத் தட்டுங்க, நீங்க வரலைன்னா நான் தட்டறேன்."